கைவிடப்பட்ட அரிசி ஆலையைப் பொது இடமாக மாற்றுவது: எதிலிருந்து தொடங்கலாம்?

தம்பலகாமம் வாசி:
எங்கள் ஊரில் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையை, காலஞ்சென்ற உரிமையாளரின் பிள்ளைகள் கிராம அபிவிருத்திச் சங்கத்திற்குக் குத்தகைக்குத் தர இணங்கியுள்ளனர். முன்புறத்தில் சில கடைகளும், உள்ளே வாசிகசாலையும் தையல் பயிற்சிக் கூடமும், மாடியில் வாடகைக் குடியிருப்பும் அமைக்க எண்ணுகிறோம். நெல் காயவிடும் சீமெந்துக் களத்தை வாகனத் தரிப்பிடமாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முதலில் எதில் கை வைப்பது?

கட்டடப் பொறியியலாளர்:
கூரையில். பழைய ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது அஸ்பெஸ்டோஸ் தகடுதான். அதை உடைத்தாலோ வாளால் அறுத்தாலோ நுண்ணிழைகள் காற்றில் பரவி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், சிரமதானத்திற்கு ஆள் சேர்த்துப் பிடுங்கி எறியாமல், நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். உப்புக் காற்றுப் படும் இடங்களில் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். தூண்களைச் சோதிக்காமல் மாடியைப் பற்றிப் பேசுவது வீண். நெல் ஊறவைத்த தொட்டிகளை மாரிக்கு முன்பே மூடிவிடுங்கள். இல்லையெனில் டெங்கு நுளம்பு பெருகும்.

நகரத் திட்டமிடல் மாணவி:
களத்தைத் தரிப்பிடமாக்க வேண்டாம். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலையொன்றைப் பொது நிலையமாக மாற்ற வந்த கட்டடக் கலைஞர் லினா போ பார்டி, அயலவர்கள் ஏற்கெனவே அங்கே விளையாடியும் கூடியும் மகிழ்வதைக் கண்டு, அந்தப் பழக்கம் குலையாதபடி பழைய கொட்டகைகளை இடிக்காமலே வடிவமைத்தார். 1982இல் அது திறக்கப்பட்டது. கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையும் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாக அழகாகத்தான் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் அங்கே காசில்லாதவர் உட்கார என்ன இருக்கிறது? உங்கள் களத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?

தம்பலகாமம் வாசி:
அறுவடைக் காலத்தில் அயல் விவசாயிகள் நெல் காயவைக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அப்படியானால் தரிப்பிடத்தை உமிக் குவியல் கிடக்கும் பின்வளவுக்கு மாற்றலாம்.

சட்டத்தரணி:
அதற்கு முன் ஒன்று. பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படாத பங்குகள் இருந்தால், ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பிச் செலவு செய்யாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் (தமக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பி, எல்லோரும் ஒப்பமிட வேண்டும். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். காணிப் பதிவகத்தில் பதிந்தும் வையுங்கள். கூரைக்குப் போடும் பணத்தைக் கடை வாடகையால் மீட்க எத்தனை ஆண்டு பிடிக்குமென்று கணக்கிட்டு, குத்தகைக் காலத்தை அதைவிடக் கூட்டிக் கேளுங்கள்.