பொலோனியா: அம்மாவால் படி ஏற முடியாது, ஆர்க்கிஜின்னாசியோ போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அக்டோபர் நடுவில் இத்தாலி போகிறோம். பொலோனியாவுக்கு ஒரே ஒரு நாள்தான். பிளாரன்ஸிலிருந்து காலை ரயிலில் போய் இரவே திரும்ப வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது. ஐந்து மாதத்துக்கு முன் வலது முழங்கால் அறுவை சிகிச்சை. சமதரையில் கைத்தடியோடு அரை மணி நேரம் நடப்பார். பத்துப் படி ஏறினாலே கால் வீங்கிவிடுகிறது.

நகரத்துக்குள் பிரச்சினை இல்லை. பழைய நகரம் முழுக்க தூண் வைத்த நடைபாதைகள், வெயிலும் மழையும் படாது. சான் லூக்கா குன்றுக்குச் சுற்றுலா ரயில் வண்டி இருக்கிறது. அசினெல்லி கோபுரம் 498 படி, அதை விட்டுவிட்டோம்.

சிக்கல் ஆர்க்கிஜின்னாசியோவில். 1563 முதல் பல்கலைக்கழகம் இயங்கிய கட்டடம். அதன் மாடியில்தான் மரத்தால் செதுக்கிய பழைய உடற்கூறியல் அரங்கு. 1944 குண்டுவீச்சில் நொறுங்கியதை, இடிபாட்டில் கிடைத்த துண்டுகளையும் சேர்த்து மறுபடி எழுப்பினார்கள். அம்மா முப்பது வருடம் உடற்கூறியல் பாடம் நடத்தியவர். தோலுரித்த மனித உருவங்கள் மேற்கூரையைத் தாங்கி நிற்கும் அந்த ஆசிரியர் இருக்கையைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே.

பயண வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். எல்லாரும் படியேறித்தான் போகிறார்கள். வரைபடப் படங்கள் முற்றத்தோடு நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவரையும் கேட்டேன், அவருக்கு ஞாபகம் இல்லை.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: முற்றத்திலிருந்து மாடி அரங்குக்குப் பார்வையாளர்கள் பயன்படுத்தும் லிப்ட் இருக்கிறதா?