மில்ஃபேய் மாவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்பர்களே,
பாரிஸ் இனிப்புக் கடைகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இனிப்புக் கடையைக் குறிக்கும் ‘பத்திசெரி’யிலேயே அரை நாள் போயிற்று, இப்போது மில்ஃபேய் செய்கிற மாவான ‘பாத் ஃபெயித்தே’யில் மாட்டிக்கொண்டேன். பார்த்தால் சொல் கிடைக்குமென்று நேற்று மொந்தோர்கேய் தெருவில் ஸ்டோரர் கடைக்கே போனேன் (1730 முதல் நடக்கிறது, பதினைந்தாம் லூயியின் அரசியிடம் இனிப்புச் செய்தவர் தொடங்கியது). மில்ஃபேயை (மொறுமொறு மாவுத் தகடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த இனிப்பு) மேலிருந்து முள்கரண்டியால் அழுத்தினால் கிரீம் பக்கவாட்டில் பிதுங்கிவிடுகிறது. சாய்த்துப் படுக்கவைத்து வெட்டினேன்; சருகு நொறுங்குகிற சத்தம். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்துத் தேய்ப்பது, அதையே ஆறு முறை செய்வது வழக்கம். அடுப்பில் ஈரம் ஆவியாகி மடிப்புகளைத் தூக்கிவிடும். ‘அடுக்குமா’ போதுமா?
— வா.

வா. அம்மா,
அடுக்குவதென்றால் பல பொருள் வேண்டும். இங்கே இருப்பது ஒரே மாவு, மடிகிறது. ‘மடிமா’ என்பதே சரி. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. ஆகவே பெயரில் வரும் ‘மில்’, அதாவது ‘ஆயிரம்’ என்பது பிரெஞ்சுக்காரரின் உயர்வு நவிற்சி. மடித்தது மடித்தது வருவதால் மடக்கணி என்றுகூடச் சொல்லலாம்!
— க.

ஐயா, செயலைப் பிடித்துப் பொருளை விட்டுவிட்டீர்கள். ஃபேய் என்றால் இலை, தாளும் அதுவே. இரண்டுக்கும் நம்மிடம் ஏடு இருக்கிறது. மரபியலில் தொல்காப்பியர் இலையை மரத்துக்கும் ஏட்டையும் இதழையும் புல்லுக்கும் வைக்கிறார். கோதுமை புல் இனம். ஆக, ‘ஆயிர இலை’ என்றால் மரபு வழு! பால்மேல் படிவதும் ஏடுதான். உள்ளே கிரீமும் இருக்கிறது. ‘ஏட்டுமா’. வேறென்ன வேண்டும்?
— பு.

ஏட்டுச் சுரைக்காய் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். பனையையும் புல்லென்று கொண்டு, அதை மனத்தில் வைத்துச் சொன்ன சூத்திரத்தைக் கோதுமை மாவில் பிசைய வேண்டுமா? பத்திசெரிக்கு என்ன முடிவு? ‘அடுமனை’யா?
— சே.

அடுமனை சமையற்கட்டு அல்லவா? ஈழத்தில் நாங்கள் ‘வெதுப்பகம்’ என்போம். ஆனால் அது பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு. 2023இல் பாரிஸ் பகெத் (நீள ரொட்டி) போட்டியில் முதலிடம் பெற்றவர் எங்கள் தர்ஷன் செல்வராசா, தெரியும்தானே? அப்புறம், நான் வேலை செய்கிற இடத்தில் தமிழ்ப் பொடியன்கள் எல்லாருமே இந்த மாவை ‘ஃபெயித்தாஜ்’ என்றுதான் சொல்கிறோம். “மாவைக் குளிரில வை, வெண்ணெய் வெளிய வருது” என்று கத்துகிற நேரத்தில் ஏடாவது மடலாவது, அண்ணை!
— யோ.

அப்படியானால் தமிழே வேண்டாமா, தம்பி?
— பு.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரோட்டா அடிக்கிறவருக்குப் புரிகிற சொல்லாக இருக்கட்டும்.
— யோ.

சரி, நால்வர் தனிமடலில் ‘அடுக்குமா’ என்கிறார்கள். அதையே போடுகிறேன். கடைக்கு ‘பத்திசெரி’ அப்படியே இருக்கட்டும். அடுத்தது ‘கனாஷ்’, பாலேட்டைக் காய்ச்சிச் சாக்லேட்டில் ஊற்றிக் கலக்குவது.
— வா.

‘மடிமா’வை நான் விடவில்லை. இரவு விரிவாக எழுதுகிறேன்.
— க.