2.38 லட்சம் கி.மீ. ஓடிய 350இசட், ஷார்ஜா வெயில்: 5டபிள்யூ-30 விட்டு 20டபிள்யூ-50 போகலாமா?

இசட்_ஷார்ஜா

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கிறது 2004 மாடல் நிசான் 350இசட், மேனுவல் கியர், விக்யூ35டிஇ இன்ஜின். மீட்டரில் 2,38,000 கி.மீ. மூணு வருஷம் முன்னாடி வாங்கினேன், நான் நாலாவது ஓனர். மேனுவலில் போட்டிருக்கிற மாதிரி 5டபிள்யூ-30 சிந்தடிக்தான் ஊத்துறேன், 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்திடுவேன். (புதுசா படிக்கிறவங்களுக்கு: டபிள்யூக்கு முன்னாடி நம்பர் குளிரில் ஆயில் எப்படி ஓடும்னு சொல்லும், பின்னாடி நம்பர் சூட்டில் எவ்வளவு கெட்டின்னு சொல்லும்.)

ஜூன்ல இருந்து ரெண்டு பிரச்சனை. டேஷ்போர்டு நடுவில் ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கும். சாயங்காலம் அல் இத்திஹாத் ரோட்டில் ஏசி போட்டு ஊர்ந்து போகும்போது, ஐடிலில் அந்த முள் கிட்டத்தட்ட அடியில போய் ஒட்டிக்குது. ஆக்சிலேட்டர் மிதிச்சா ஏறிடுது. குளிர்காலத்தில் இப்படி இறங்கினதே இல்லை. இரண்டாவது, ஆயில் குடிக்குது. 1,200 கி.மீ.க்கு ஒரு லிட்டர். பார்க்கிங்கில் ஒரு சொட்டுகூட விழலை.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் போற மெக்கானிக் "இந்த வெயிலுக்கும் இந்த வயசுக்கும் 20டபிள்யூ-50தான் சரி"ன்னு சொல்றார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போஸ்டரா ஒட்டி வச்சிருந்த கார் இது. தப்பான ஆயிலை ஊத்திக் கெடுத்துடக் கூடாது. வெள்ளிக்கிழமை அதிகாலையில் ஜெபல் ஜைஸ் மலைக்கும் ஓட்டிட்டுப் போவேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்பாசடர்_மதுரை

தம்பி, மெக்கானிக் சொன்னது சரி. நான் அம்பாசடர் டாக்சி இருபது வருஷம் ஓட்டினவன். மதுரை வெயில்ல 20டபிள்யூ-50தான், ஒரு நாளும் கைவிட்டதில்லை. பழைய இன்ஜினில் பாகங்கள் தேய்ஞ்சு நடுவில் இடைவெளி கூடிப் போயிருக்கும், தண்ணி மாதிரி ஆயில் அங்க நிக்காது.

பேரிங்_கோவை

அண்ணன் சொல்றது அம்பாசடருக்கு முழுக்கச் சரி. அந்த இன்ஜினோட பேரிங் இடைவெளியே (சுத்துற தண்டுக்கும் அதைத் தாங்குற பேரிங்குக்கும் நடுவில் ஆயில் நிக்கிற சந்து) வேற, அதை வடிவமைச்ச காலமும் வேற. விக்யூ இன்ஜினில் இடைவெளி ரொம்பக் குறைவு. இன்டேக் வால்வு டைமிங்கை முன்னபின்ன நகர்த்துற ஏற்பாடும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யுது. அதனால கெட்டி ஆயிலுக்குத் தாவுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானிங்க.

வெளி வெயிலை வச்சு ஆயில் தேர்ந்தெடுக்கிறதை மொதல்ல விடுங்க. சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்குற தொட்டியில், ஆயில் ஓடும் சூடு 100, 110 டிகிரி. ஒரு சராசரி 5டபிள்யூ-30 எடுத்துக்கிட்டா, 100 டிகிரியில் அதோட பிசுப்பு, அதாவது கெட்டித்தன்மை, 11 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கிற அலகு) பக்கம். அதே ஆயில் 40 டிகிரியில் 60க்கு மேல. அதாவது ஷார்ஜா மத்தியானம் 45 டிகிரிங்கிறது நமக்குத்தான் நெருப்பு, ஆயிலுக்கு அது இன்னும் குளிர். 20டபிள்யூ-50 ஊத்தினா அதே 40 டிகிரியில் 150ஐத் தாண்டும். ஸ்டார்ட் பண்ணின முதல் நிமிஷங்களில் பம்ப் அதைத் தள்ளத் திணறும், அழுத்தம் கூடினா திறக்கிற ரிலீஃப் வால்வு ஒரு பகுதி ஆயிலைத் திருப்பி அனுப்பிடும். மீட்டரில் முள் உயரமா நிக்கும், பேரிங்குக்குப் போற அளவு குறையும். அழுத்தம் வேற, ஓட்டம் வேற.

வெயில் ஒண்ணுமே பண்ணாதுன்னு சொல்லலை. டிராஃபிக்கில் காத்தோட்டம் இல்லாம, ஏசி கண்டென்சரைத் தாண்டி வர்ற சூட்டில் ரேடியேட்டர் நனைஞ்சுகிட்டே இருந்தா ஆயிலும் பத்துப் பதினைஞ்சு டிகிரி கூடும். அதுக்கு 30ல இருந்து 40க்கு ஒரு படி ஏறினா போதும், 50க்கு ரெண்டு படி வேண்டாம்.

இன்னொண்ணு. உங்க இன்ஜின் ஃபில்டரோட சேர்த்து எடுக்கிறதே சுமார் 4.7 லிட்டர். ஒரு லிட்டர் குறைஞ்சா அஞ்சில் ஒரு பங்கு காலி. மிச்சம் இருக்கிற ஆயில் அதே வேலையைச் செய்யணும், அதனால இன்னும் சூடாகும். ஜெபல் ஜைஸ் வளைவில் வேகமாத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினா சம்ப்பில் இருந்து ஆயிலை எடுக்கிற பிக்கப் குழாய் காத்தை உறிஞ்சும். எந்த நம்பர் ஆயில் ஊத்தியிருந்தாலும் அந்த நொடியில் பேரிங் போயிடும். எனக்கு உங்க ஆயில் நம்பரைவிட இதுதான் பயமா இருக்கு. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டுற கம்பி) பார்க்காம மலை ஏறாதீங்க.

குவைத்_கராஜ்

கோவைக்காரர் சொன்னதோட சேர்த்து இதையும் பாருங்க ப்ரோ. டேஷ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீங்க, இந்த வண்டியில் சென்சார் கெடுறது சாதாரணம். சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நல்லாச் சூடான பிறகு அளங்க. விக்யூ35டிஇக்கு ஐடிலில் குறைந்தபட்சம் 14 பிஎஸ்ஐ, 2,000 ஆர்பிஎம்மில் 43 இருக்கணும். அதுக்கு மேல இருந்தா பம்ப்பும் பேரிங்கும் தப்பிச்சது. கீழே இருந்தா கெட்டி ஆயில் ஊத்தி மறைக்கிற வேலை வேண்டாம், சம்ப்பைப் பிரிச்சுப் பாருங்க.

ஆயில் எங்க போகுதுன்னு கேட்டா: காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை ஒரு தடவை வந்து நின்னா வால்வு சீல் கோளாறு. இழுத்து ஓட்டும்போது வந்தா பிஸ்டன் ரிங் கோளாறு. ரெண்டும் இல்லைன்னா பிசிவி வால்வைக் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி விடுறது, கெட்டா ஆயிலும் கூடவே போகும்) கழட்டிக் குலுக்குங்க, கடகடன்னு சத்தம் வரணும். இன்டேக் குழாய்க்குள்ள ஆயில் பசை இருக்கா? பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கா?

இசட்_ஷார்ஜா

நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். நேத்து வேற ஒரு கராஜில் அளந்தோம். ரொம்ப நேரம் ஓட்டிச் சூடாக்கின பிறகு ஐடிலில் 19, 2,000த்தில் 51. அப்பதான் மூச்சே வந்தது. புகை எதுவும் இல்லை. பிசிவி வால்வு சத்தமே போடலை, உள்ளே கரி பிடிச்சு ஒட்டியிருக்கு. இன்டேக் குழாயில் விரல் வச்சா ஆயில். இப்ப எந்த ஆயில் வாங்கட்டும்?

பேரிங்_கோவை

19, 51 நல்ல அளவு. பிசிவியை மாத்துங்க, சின்னச் செலவு. ஆயில் 5டபிள்யூ-40 சிந்தடிக். டப்பாவின் பின்பக்கம் ஏசிஇஏ ஏ3/பி4ன்னு, அதாவது ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தோட ஆயில் தர முத்திரை, போட்டிருக்கணும். அந்த முத்திரை இருந்தா 150 டிகிரியில், வேகமா அரைபடும்போதும் பிசுப்பு 3.5க்குக் (இது வேற அலகு, மில்லிபாஸ்கல்-செகண்ட்) கீழே போகாது. சாதாரண 30 கிரேடுக்கு அந்த வரம்பு 2.9தான். சூட்டில் ஆவியாகிற அளவும் 13 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு அதில் விதி இருக்கு, ஆயில் குடிக்கிற வண்டிக்கு இது முக்கியம். அடையாளம் தெரியாத கடையில் மலிவா வாங்காதீங்க, பெட்ரோல் பங்க்கிலேயே வாங்கிடுங்க. 8,000ஐ 6,000ஆக் குறைங்க.

அம்பாசடர்_மதுரை

அளந்து பார்த்தது நல்ல காரியம் தம்பி. நாங்க அந்தக் காலத்தில் அளந்ததே இல்லை, காதால கேட்டுத்தான் ஓட்டினோம். கோவைத் தம்பி சொல்ற மாதிரியே பண்ணுங்க.

இசட்_ஷார்ஜா

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். பிசிவி மாத்தி, 5டபிள்யூ-40 ஊத்தி 2,600 கி.மீ. ஓட்டிட்டேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் நிக்குது, அரை லிட்டர்தான் ஊத்தினேன். ஆகஸ்ட் டிராஃபிக்கில் ஐடிலில் முள் முன்ன மாதிரி அடியில் ஒட்டலை. இடையில் ஒரு தடவை மலைக்குப் போனேன், கிளம்புறதுக்கு முன்னாடி அளவு பார்த்துட்டுத்தான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். குளிர்காலத்தில் திரும்ப 5டபிள்யூ-30க்கு மாறணுமா?

குவைத்_கராஜ்

வேண்டாம் ப்ரோ. முன்னாடி இருக்கிற 5டபிள்யூ ரெண்டிலேயும் ஒண்ணுதான், மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுத்த விடும். ஷார்ஜா ஜனவரிக்கு அது தாராளம். இதையே வருஷம் பூரா ஓட்டுங்க. ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒரு தடவை டிப்ஸ்டிக், சமதரையில் நிறுத்தி, இன்ஜின் அணைச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு.