அவசரம்: நாளைக்குக் காலையில ஃப்ளைட், கேமரா பேட்டரிய செக்-இன்ல போடலாமா?

சரண்_க்ளிக்ஸ்: பெங்களூர்ல இருந்து கல்யாண ஷூட்டுக்குக் கிளம்புறேன். கை பேக் 11 கிலோ வருது. பேட்டரி எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டா சரியாயிடுமா? உடனே சொல்லுங்க.

கருப்புவெள்ளை: உள்நாடா வெளிநாடா? என்ன பேட்டரி, எத்தனை? லைட் இருக்கா?

லென்ஸ்ராசா: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது, தேடிப் பார்த்துட்டுக் கேட்கலாமே தம்பி. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன்ல போகவே கூடாது. தீப்பிடிச்சா கேபின்ல ஆள் இருக்கு, சரக்கு அறையில இல்ல. 100 வாட் ஹவர் (பேட்டரியில அடங்குற மின்சக்தியோட அளவு) வரைக்கும் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை ஏர்லைன் ஒப்புதலோட ரெண்டு. அதுக்கு மேல லக்கேஜா போகாது.

சரண்_க்ளிக்ஸ்: குவாஹாத்திண்ணே. சோனி இசட்100 கேமரா பேட்டரி ஆறு, ஏடி200 ஃப்ளாஷ் ரெண்டு, வி-மவுண்ட் (வீடியோ லைட்டுக்கு மாட்டுற பெரிய பேட்டரி) ரெண்டு. வி-மவுண்ட்ல 14.8 வோல்ட்னு இருக்கு.

மீனா_மல்லேஸ்வரம்: வோல்ட் மட்டும் பத்தாது, ஆம்பியர் ஹவரால பெருக்கணும். உதாரணத்துக்கு 14.4 வோல்ட் × 6.8 ஆம்பியர் ஹவர் போட்டா 97.9 வாட் ஹவர். அதே 6.8, 14.8 வோல்ட்னா 100.6, எல்லை தாண்டிடும். லேபிள்ல வாட் ஹவர் அச்சாகியிருக்கான்னு பாருங்க. அழிஞ்சிருந்தா செக்யூரிட்டியில விடமாட்டாங்க. சோனி 16.4, ஏடி200 சுமார் 42, அதெல்லாம் பிரச்சினையில்ல. முனைகள்ல டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனி உறையில போடுங்க.

எடைக்குக் காரணம் பேட்டரி இல்ல. ஆறு சோனி சேர்ந்தே அரை கிலோதான். ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ், சார்ஜர், ஆலன் கீ, பேட்டரி கழட்டின ஃப்ளாஷ் எல்லாம் பெட்டிக்கு. கேமரா பாடியும் லென்ஸும் கையில. உள்நாட்டு எகானமியில பெரும்பாலும் 7 கிலோதான்.

ரோல்35: ஃபிலிம் இருந்தா எக்ஸ்ரே படாம ஈயப் பையில போடுங்க.

கருப்புவெள்ளை: வேண்டாம். திரையில கறுப்பாத் தெரிஞ்சா பையத் திறக்கச் சொல்லுவாங்க, இல்லன்னா திரும்ப ஸ்கேன் பண்ணுவாங்க. ரோலை டப்பாவிலிருந்து எடுத்து, ஒளி ஊடுருவுற பையில போட்டுக் கையால சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. செக்-இன்ல மட்டும் போட்டுடாதீங்க.

லென்ஸ்ராசா: 800 ஐஎஸ்ஓவுக்கு (ஃபிலிமோட ஒளி உணர்திறன்) கீழ ஸ்கேன்ல ஒண்ணும் ஆகாது.

கருப்புவெள்ளை: அது பழைய எக்ஸ்ரே கணக்குண்ணே. பையைச் சுத்திச் சுத்திப் படமெடுக்குற புது சிடி ஸ்கேனர்ல கதிர் அளவு அதிகம், 400 ஐஎஸ்ஓ ஃபிலிம்ல கூடப் புகை படிஞ்ச மாதிரி மங்கிடும்.

ரோல்35: ஒரே தடவைதானே?

கருப்புவெள்ளை: சிடிக்கு ஒரு தடவையே போதும். சாதா எக்ஸ்ரேலதான் தடவைக்குத் தடவை சேர்ந்துட்டே போகும்.

சரண்_க்ளிக்ஸ்: ஃபிலிம் எல்லாம் இல்லண்ணே. வி-மவுண்ட் ஒண்ணு 98, இன்னொண்ணு 155. பெரியத வீட்டுலயே வைக்கிறேன். நன்றிக்கா.

மீனா_மல்லேஸ்வரம்: வீட்டுல வைக்கிறத ஃபுல் சார்ஜ்ல வைக்காதீங்க, பாதிக்கு இறக்கிட்டு வைங்க. 98-ல டி-டேப் துளையையும் (வேற கருவிக்கு மின்சாரம் எடுக்குற துளை) மூடுங்க, சாவி, சில்லறை பட்டாக்கூட ஷார்ட் ஆகும்.