தமிழ்நாட்டுச் சில்லறை வியாபாரம்: விற்பனை, வேலை நிலவரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

கேள்வி: மாநில ஜிஎஸ்டி வசூலையும் இபிஎஃப்ஓ (பிஎஃப் நிறுவனம்) தரும் மாதாந்திரப் புது உறுப்பினர் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. வசூலில் மொத்த வியாபாரம், தொழிற்சாலை, சேவை எல்லாம் கலந்திருக்கும். காய்கறிக்கு வரியில்லை, பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை அக்டோபர் விற்பனைக்கு நவம்பர் 20-க்குள்தான் கட்டும். ஒரு மாதம் தள்ளிப் படியுங்கள். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. தனி மாதத்தை ஒப்பிட்டால் கணக்கு கவிழும். அக்டோபர், நவம்பர் விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-ல் பல பொருளுக்கு வரி குறைந்தது. அதற்குப் பிறகு வசூல் இறங்கினால் விற்பனை சரிந்ததாக எழுதிவிடாதீர்கள்.

பதில் 2: பிஎஃப் பொதுவாக 20 பேருக்குக் குறையாத கடைக்குத்தான். அண்ணாச்சி மளிகைக் கடை அதில் தெரியவே தெரியாது. 19 பேர் இருந்த ஜவுளிக்கடை இன்னொருவரைச் சேர்த்தால், முன்பே வேலையில் இருந்தவர்களும் புதுக் கணக்காக ஏறுவார்கள். அதெல்லாம் புது வேலை இல்லை. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 10 பேரிலிருந்தே வருவதால் நடுத்தரக் கடைகள் கொஞ்சம் பிடிபடும். ஆனால் சம்பளம் ரூ.21,000 தாண்டியவர்கள் இல்லை.

பதில் 3: சின்னக் கடைகளுக்கு என்எஸ்ஓ (தேசியப் புள்ளியியல் அலுவலகம்) நடத்தும் அசூஸ் சர்வேதான் கதி. கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களின் ஆண்டுக் கணக்கெடுப்பு அது. அதில் என்ஐசி 2008 (தொழில் வகைப்பாட்டுப் பட்டியல்) படி சில்லறை வியாபாரத்துக்கான பிரிவு 47-ஐ எடுங்கள். பைக், கார் ஷோரூம் 45-ல் இருக்கும்.