2147483647 பகா எண்ணுனு கையாலயே எப்படி கண்டுபிடிச்சாங்க?

செவ்வாப்பேட்டை_அப்பா:
வணக்கம்ங்க, செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், கணக்கு பத்தாவதோட சரி. எட்டாவது படிக்கிற பொண்ணு மொபைல் கேம்ல காயின் 2147483647 வந்ததும் அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுப்பானு காட்டினா, என்னடா நம்பர் இதுனு தேடினா பகா எண்ணாம், 1772லயே ஆய்லர்னு ஒருத்தர் நிரூபிச்சுட்டாராம். கால்குலேட்டர் இல்லாத காலத்துல எப்படிங்க முடிஞ்சுது? ராத்திரி பட்டறை சாத்தினப்புறம் நானும் அவளும் 3, 7, 11னு வகுத்துட்டே இருக்கோம், இதுக்கு முடிவே இல்லையாப்பாங்கறா.

அஞ்சுரோடு_கோடர்:
அண்ணா, கேம் நிக்கிறதுக்கு காரணம் 32 பிட், அதாவது நம்பரை 0, 1னு நிரப்பி வைக்கிற 32 கட்டம். ஒரு பிட்டு பிளஸ்ஸா மைனஸான்னு குறிக்கப் போயிடும், மிச்ச 31 பிட்டும் 1ஆ நிரம்பினா வர்ற நம்பர் இது, அதாவது 2^31−1 (31 ரெண்டை ஒண்ணோடொண்ணு பெருக்கி 1 கழிச்சது). 31 பகா எண், அதனால இதுவும் பகா எண், அவ்ளோதான்.

ஏற்காடு_காபி:
தம்பி, கடைசி வரி தப்பு. 11ம் பகா எண்தான், ஆனா 2^11−1 = 2047 = 23 × 89. எங்க தோட்டத்து கணக்குல சொன்னா 2047 காபி நாத்து இருந்தா 23 வரிசை, வரிசைக்கு 89னு மிச்சமில்லாம நட்டுடலாம். 2147483647 நாத்தை ஒத்தை வரிசையா நட்டாத்தான் உண்டு, வேற எப்படி வரிசை பிரிச்சாலும் கடைசி வரிசைல குறையும்.

அண்ணா, முடிவு இருக்குங்க. 46340 வரை வகுத்தா போதும், அதான் வர்க்கமூலம், நம்பர் ரெண்டா உடைஞ்சா சின்ன துண்டு அதுக்குள்ளதான் வந்தாகணும். ஆனா அதுக்குள்ளயே பகா எண் கிட்டத்தட்ட 4800 இருக்கு. ஆய்லரோட அருமை இங்கதான். மேல உள்ள 23, 89 ரெண்டையும் 22ஆல வகுத்துப் பாருங்க, மீதி 1, அந்த 22ங்கறது 11ஓட ரெட்டிப்பு. அதே மாதிரி நம்ம நம்பரை எந்த பகா எண் வகுத்தாலும் அதை 62ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும், 8ஆல வகுத்தா 1 இல்லைனா 7 வரணும். ரெண்டையும் சேத்தா 248ஆல வகுக்குறப்ப மீதி 1 இல்ல 63. இந்த சல்லடைல தங்குற பகா எண் நூறுகூட தேறாது! அந்த வயசுல அவருக்கு கண்பார்வை ஏறக்குறைய போயிடுச்சு, அதை நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்கும்.

பொண்ணை 311ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, அடுத்தது 1303. நடுவுல 249, 497, 559 எல்லாம் ஏன் வேண்டாம்னு அவளே யோசிக்கட்டும்.

அஞ்சுரோடு_கோடர்:
தப்புதான் அண்ணா, திருத்திக்கிறேன். 2024 அக்டோபர்ல பகா எண்ணுனு அறிவிச்ச 2^136279841−1, நாலு கோடி இலக்கத்துக்கு மேல, அதுக்கும் இதே சல்லடையா?

ஏற்காடு_காபி:
முதல் சல்லடை இதேதான் தம்பி. அவ்ளோ பெருசுல வர்க்கமூலம் வரைக்கும் போகவே முடியாது, அதனால தப்பிச்சதை லூகாஸ்–லேமர் மாதிரி வேற சோதனைக்கு அனுப்புவாங்க.

செவ்வாப்பேட்டை_அப்பா:
ரொம்ப நன்றிங்க. கொலுசு டப்பா அட்டைக்குப் பின்னாடியே போட்டோம், 311க்கு ஈவு 6905092, மீதி 35. 1303க்கு முதல்ல 266னு வந்துச்சு, எங்கயோ கடன் வாங்க மறந்துட்டா, திரும்பப் போட்டா 226. 249ஐ 3 × 83னு அவளே உடைச்சுட்டா. அடுத்தது 1489ஆன்னு கேக்கச் சொல்றா.

ஏற்காடு_காபி:
1489தான்டா கண்ணு. போடு.