திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது எந்த ஆண்டு? 1812, 1843, 1853, 1855 என்று நாலு விடை இருக்கிறதே!

கல்குளம்_வாசகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் குமரி மாவட்ட வரலாற்றுக்குப் பத்துப் பலகை எழுதி வைக்கப்போகிறோம். அடிமை முறை பற்றிய பலகையில்தான் வேலை நிற்கிறது. ஒரு போட்டித் தேர்வுக் குறிப்பு ‘ராணி லட்சுமிபாய், 1812’ என்கிறது. இன்னொன்றில் 1843. வேறு இரண்டில் 1853, 1855. எதைப் போடுவது?

கூடவே மூன்று சந்தேகம். தோள்சீலைப் போராட்டத்தையும் (1859) இதே பலகையில் சேர்க்கலாமா? குளச்சலில் தோற்ற டச்சுக்காரர்கள் நம் கடற்கரையிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்கிறார்களே, அது சரியா? பழைய ஓலையில் இருக்கும் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற 825 கூட்டினால் போதுமா?

---

ஆரல்வாய்க்காற்று:

நாலு ஆண்டுமே நடந்தவைதான் அண்ணாச்சி. ஒவ்வொன்றும் வேறு வேறு செயலைச் செய்தது. ‘ஒழிந்த ஆண்டு’ என்று ஒரே எண்ணைத் தேடுவதால்தான் குழப்பம்.

1812 டிசம்பர் 5, கொல்லம் 988 கார்த்திகை. திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சி. திவானாகவும் ரெசிடெண்டாகவும் (ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதி) இருந்தவர் கர்னல் மன்றோ. அன்று வந்த விளம்பரம், அதாவது அரசு அறிவிப்பு, நிறுத்தியது ஆள் விற்பனையை. அதிலும் நிலத்தோடு கட்டிப்போட்டிருந்த சாதியாரை விலக்கி வைத்துவிட்டது. வயல்வேலை செய்த புலையர், பள்ளர், குறவர் முதலானோர் அந்த விலக்குக்குள் வந்தார்கள். அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு ‘1812-ல் ஒழிந்தது’ என்று எழுதினால் அது பெரிய பிழை. 1836-ல் எடுத்த கணக்கே இதற்குச் சான்று: திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668, அதில் அடிமைகள் 1,64,864. விளம்பரம் வந்து 24 ஆண்டு கழிந்தும் எட்டுப் பேரில் ஒருவர் அடிமை.

1843 என்பது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் ஐந்தாம் சட்டம். அது கம்பெனி ஆண்ட பகுதிக்கு மட்டுமே. நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் அன்று திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தன. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். ஆகவே 1843 முதல் 1855 வரை 12 ஆண்டுகள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே ஒரு சட்டம், மேற்கே இன்னொரு சட்டம். பணகுடியில் ஒருவரை அடிமை என்று சொல்லி வழக்குப் போட முடியாது, தோவாளையில் போடலாம். பலகையில் ஒரு சின்ன வரைபடம் போட்டு இந்தக் கோட்டைக் காட்டினால் பார்ப்பவருக்குச் சட்டென்று விளங்கும். நான் செய்வதாக இருந்தால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

1847-ல் லண்டன் மிஷன், சர்ச் மிஷன் பாதிரியார்கள் சேர்ந்து உத்திரம் திருநாள் மகாராஜாவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். சர்க்கார் அதற்கு உடனே இணங்கவில்லை. 1853 செப்டம்பரில் (கொல்லம் 1029) வந்த விளம்பரம், சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்றது. தாயும் தகப்பனும் அடிமையாகவே இருக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் விடுதலை.

1855 ஜூன் 24, கொல்லம் 1030 ஆனி. பலகையில் போட வேண்டிய ஆண்டு இதுதான். சர்க்கார் அடிமைகள் அத்தனை பேருக்கும் விடுதலை கிடைத்தது. தனியார் வைத்திருந்த அடிமைகள் விஷயத்தில் 1843 சட்டத்தின் வழியையே பின்பற்றினார்கள்: வரி பாக்கிக்கோ நீதிமன்றத் தீர்ப்புப் பணத்துக்கோ அடிமையை ஏலம் போடக்கூடாது, ‘இவன் என் அடிமை’ என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடாது, அடிமை என்பதால் ஒருவர் சம்பாதித்த சொத்தைப் பிடுங்கக்கூடாது, சுதந்திரருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் இவர்களுக்குச் செய்தாலும் குற்றமே.

தோள்சீலையைத் தனிப் பலகையாக வையுங்கள். அது நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கான போராட்டம். அவர்கள் சட்டப்படி விலைக்கு விற்கப்படும் அடிமைகள் அல்லர். ஆனால் ஊழியம் அவர்கள் சமூகத்தின் மேல் கிடந்தது. ஊழியம் என்றால் சர்க்காருக்குக் கூலியில்லாமல் சுமை தூக்குவது, ஓலை கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற கட்டாய வேலை. அய்யா வைகுண்டர் எதிர்த்துப் பேசியது இந்த ஊழியத்தையும் வரிகளையும்தான். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையும் இருந்தார். அடிமைக்கு உடையவர் உண்டு, ஊழியக்காரருக்கு உடையவர் இல்லை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் இரண்டு வேதனையும் மங்கிப்போகும்.

---

முட்டம்_கலங்கரை:

டச்சுக்காரர் கேள்விக்கு வருகிறேன். குளச்சல் போரையும் ஆள் கடத்தலையும் முடிச்சுப் போட வேண்டாம். 1741 ஆகஸ்ட் 10-ல் நடந்த சண்டைக்கு வேர் மிளகு வாணிபமும், மார்த்தாண்ட வர்மா பக்கத்துச் சிற்றரசுகளை விழுங்கியதும். பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு அவரிடமே படை பயிற்றுவித்து, 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு.

டச்சுக் கம்பெனி பெரிய அளவில் அடிமைகளை வாங்கியது அதற்கு எண்பது ஆண்டு முந்தி, அதுவும் கிழக்குக் கரையில். தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டே தஞ்சைப் பகுதியில் பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் வந்தன. 1659 முதல் 1661 வரை 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கி இலங்கை, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), மலாக்கா என்று கப்பலேற்றினார்கள். 1694–96-ல் போர் நடந்தபோதும் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 பேரைத் தனியார் இலங்கைக்குக் கொண்டுபோன கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை ஏறுவது பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில்தான். நெல் கிடைக்காதபோது பெற்றவர்களே பிள்ளைகளை விற்றார்கள், விலையும் விழுந்தது. மழை பெய்து அறுவடை திரும்பினால் கப்பலுக்கு ஆள் கிடைப்பது குறைந்துவிடும். ‘ஆள் பிடித்தார்கள்’ என்பதைவிட ‘பஞ்சத்திலும் போரிலும் வாங்கினார்கள்’ என்று எழுதுவதே சரி.

சமயத்தையும் இதையும் சேர்த்து எழுதுவதானால் நிதானம் வேண்டும். சவேரியார் 1544 கடைசியில் நம் மேற்குக் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவருக்கு (மீனவச் சமூகத்தார்) ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அதனால் வயல் அடிமையின் நிலை மாறவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில், கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டு இறந்த காலத்திலும் ஞானஸ்நானம் யாரையும் அடிமை ஓலையிலிருந்து விடுவிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பணமாக ஒரு வழி திறந்தது: நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் விடுதிப் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்து உடையவருக்குக் கொடுத்துத் தங்களை மீட்டார்கள். நாகர்கோவில் லேஸ் என்றால் இதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

---

நாஞ்சில்_ஏடு:

825 எப்போதும் சரிவராது மக்களே. கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணி 1-ல், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824 கூட்டணும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. மேலே ஆரல்வாய்க்காற்று சொன்னதையே சோதித்துப் பாருங்கள்: 988 கார்த்திகையோடு 824 கூட்டினால் 1812, 1030 ஆனியோடு 825 கூட்டினால் 1855. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுக்கும் பொது, அதில் தேதியையும் பார்க்க வேண்டும்.

ஆண்டை வாசிப்பதிலேயே தவறு வரும். ௯௱௮௰௮ என்றால் 988. ௮ என்பது ‘அ’ போலவும், ௨ என்பது ‘உ’ போலவும், ௰ என்பது ‘ய’ போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தாகப் படித்துவிடுகிறார்கள். ௰ விட்டுப்போனால் எண்பது எட்டாகிவிடும். ஓலையில் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும், எகர ஏகார வேறுபாடும் கிடையாது. கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால் பஞ்சாங்கக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்; பொருந்தாவிட்டால் பெரும்பாலும் எண்ணைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.

‘அடிமை’ என்ற சொல் கண்டவுடன் ஆள்விலை ஓலை என்று முடிவு கட்டவும் கூடாது. 1750-ல் ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் திருப்படித்தானம் செய்த (ஒப்படைத்த) மன்னர் மார்த்தாண்ட வர்மாவே தம்மைப் பத்மநாபதாசன், அதாவது பத்மநாபரின் அடிமை, என்றுதான் எழுதினார். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், ஆளின் பெயர், பணத்தொகை, ‘விற்றுப் பொருளறக் கைக்கொண்டு’ என்பது போன்ற வாசகம், சாட்சிக் கையெழுத்து இவை சேர்ந்து வந்தால்தான் அது விலைப்பிரமாணம், அதாவது விற்பனைப் பத்திரம். ‘ஒற்றி’ என்று இருந்தால் ஆளை அடகு வைத்திருக்கிறார்கள், விற்கவில்லை. 1800–01-ல் மலபாரைச் சுற்றிப்பார்த்த புக்கானன் ஜன்மம், காணம், பாட்டம் என்று மூன்று வகை குறித்திருக்கிறார்: முழு விற்பனை, அடகு, ஆண்டு வாடகை. காணத்தில் கொடுத்த ஆள் இறந்துபோனால் உடையவர் வேறு ஆள் தர வேண்டும்! நிலத்துக்கு இருந்த அதே மூன்று சொல், மனிதருக்கும்.

---

கல்குளம்_வாசகன்:

மிக்க நன்றி. பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘1855 ஜூன் 24 விளம்பரத்தால் திருவிதாங்கூரில் அடிமைகள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.’ சரிதானா?

---

ஆரல்வாய்க்காற்று:

‘அனைவரும்’ வேண்டாம். ‘சர்க்கார் அடிமைகள் விடுவிக்கப்பட்டனர், தனியாரின் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது’ என்று மாற்றுங்கள். தனியார் அடிமையை யாரும் வந்து அவிழ்த்துவிடவில்லை. பண்ணையை விட்டு நடந்துபோனால் இழுத்து வரச் சட்டம் உதவாது, அவ்வளவுதான். போவதற்கு நிலமோ குடியிருப்போ இல்லாதவர்கள் அதே வயலில் படியாளாகவே (நெல்லைக் கூலியாகப் பெறும் பண்ணையாள்) நின்றார்கள். இடம் இருந்தால் அந்த வரியையும் கீழே சேர்த்துவிடுங்கள்.